மீந்த சோறு போகும் வழி: சிங்கப்பூரில் ஒரு ஜூன் விடுமுறை

சனிக்கிழமை, தெம்பனிஸ்

இந்த ஜூன் விடுமுறைக்கு வெளிநாட்டுப் பயணம் வேண்டாம், தீவுக்குள்ளேயே சுற்றலாம் என்று முடிவான பிறகு, எங்கே செல்வது என்ற பேச்சை என் மகள்தான் திசைதிருப்பினாள். பள்ளித் திட்டப்பணிக்காக உணவுக் கழிவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அவள், மீந்த உணவை எரிக்க அனுப்பாமல் உரமாகவோ தீவனமாகவோ மாற்றும் உணவகங்களுக்குக் குடும்பமாகச் சென்று சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் அது சரியென்று பட்டது. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உருவான உணவுக் கழிவு 755,000 டன்; அதில் மறுசுழற்சியானது 18 விழுக்காடு மட்டுமே. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கும் மேல், இத்தீவில் வாழும் ஒவ்வொருவருக்கும் அன்றாடம் ஏறத்தாழ 350 கிராம். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் ஊரில், கப்பலிலும் லாரியிலும் வந்து இறங்கிய பண்டம் இவ்வளவு எளிதாக எரியுலைக்குப் போவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

முதலில் நமது தெம்பனிஸ் நடுவத்துக்குச் சென்றோம். 2017இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இவ்வளாகத்தில் நூலகமும் நீச்சல் குளங்களும் காற்பந்துத் திடலும் ஒரே கூரைக்கடியில் இருப்பதால், வார இறுதியில் கூட்டத்துக்குக் குறைவிருப்பதில்லை. இங்குள்ள உணவங்காடி நிலையத்தில் மீந்துபோகும் உணவை வளாகத்திலேயே செரிமான இயந்திரத்தில் இட்டு, அதிலிருந்து கிடைப்பதைத் தோட்டத்துக்கு உரமாகப் பயன்படுத்துகிறார்கள். இயந்திரத்தின் வேலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. சூடும் காற்றும் சீராகக் கிடைக்கும் கலனுக்குள் நுண்ணுயிர்கள் சோற்றையும் காய்கறியையும் விரைந்து சிதைக்கின்றன. திறந்தவெளியில் வாரக்கணக்கில் நடக்கவேண்டியது ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சுருங்கிவிடுகிறது. உணவுக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அதை ஊர் கடந்து ஏற்றிச் செல்வது தண்ணீரை லாரியில் ஏற்றுவதற்குச் சமம். உண்டான இடத்திலேயே அதை முடித்துவிடுவதில் உள்ள நன்மை இதுதான்.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்று பார்த்தது இயந்திரத்தை அன்று, தட்டு திருப்பிவைக்கும் இடத்தைத்தான். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உணவங்காடி நிலையங்களில் உண்பவரே தட்டைத் திருப்பிவைக்க வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு ஓர் அடுக்கு என்று மக்கள் பழகிவிட்டார்கள். தட்டின் மேல் கிடப்பதோ எல்லாம் கலந்த கலவை: பாதி மீ கோரெங், கோழி எலும்பு, கசக்கிய டிஷ்யூ, உறிஞ்சுகுழல், மிளகாய்ச் சாந்துக் கிண்ணம், பல்குத்தி. அடுக்கின் பின்னால் நின்ற வயதான துப்புரவாளர் ஒருவர் ஒவ்வொரு தட்டையும் சாய்த்து, டிஷ்யூவையும் பிளாஸ்டிக்கையும் கையுறை அணிந்த விரல்களால் பொறுக்கி எடுத்த பிறகே மீதத்தை உணவு வாளிக்குள் தள்ளினார். மகள் தனக்குத் தெரிந்த சீனத்தில் அவரிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து, “டிஷ்யூவ எல்லாம் குவளைக்குள்ள போட்டு வச்சா தாத்தாவுக்கு ஒரே தடவையில எடுக்க முடியுமாம்மா” என்றாள். என் மகன் அப்போதே எங்கள் மேசையில் அதைச் செய்யத் தொடங்கிவிட்டான்.

இந்த ஊரில் உணவுக் கழிவு மறுசுழற்சியின் கதையே அந்த விரல்களில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். துவாஸ் வட்டாரத்தில் ஐயுடி குளோபல் என்ற நிறுவனம் உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையை நடத்தியது. பிளாஸ்டிக்கும் பிற குப்பையும் கலவாத உணவுக் கழிவு போதிய அளவில் கிடைக்காத நிலையில் 2011இல் அது மூடப்பட்டது. தொழில்நுட்பம் இருந்தது, தூய கழிவு வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியா

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், கணவருக்கு நெடுநாள் பழக்கமான உணவகம் ஒன்று உள்ளது. பெயர் வேண்டாமென்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஞாயிறு பகலில் அங்கே இடம் கிடைப்பதே அரிது. எங்கள் அத்தைக்கு வாழையிலைச் சாப்பாடு என்றால் தனி மகிழ்ச்சி. இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும்.

பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வரும் இந்த இலைகள்தான் இவ்வகை உணவகத்தின் மிகப் பெரிய கழிவு; மிகச் சிறந்த உரப்பொருளும் இவையே. இலையைத் துண்டாக நறுக்கிப் போட்டால் சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். முழு இலையாகக் குவித்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்து, உள்ளே அழுகல் நாற்றம் கிளம்பும். உரிமையாளர் எங்களைப் பின்சந்துக்கு அழைத்துச் சென்று வாளிகளைக் காட்டினார். முருங்கைக்காய்த் தோல், கொத்தமல்லித் தண்டு, வெங்காயத் தோல், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, வடிகட்டிய தேயிலைத் தூள் என்று சமைப்பதற்கு முன் உண்டாகும் கழிவுக்கு ஒரு வாளி. இலைகளுக்கு ஒரு பெரிய தொட்டி. எலும்பும் குழம்பும் கலந்த எச்சிலுக்கு மூடி போட்ட தனி வாளி. முதல் இரண்டும் அவருக்குத் தெரிந்த சமூகத் தோட்டக்காரர்களிடம் செல்கின்றன. மூன்றாவதை மட்டும் கழிவு சேகரிக்கும் லாரி கொண்டுபோகிறது.

எச்சில் ஏன் தோட்டத்துக்குப் போகவில்லை என்று மகன் கேட்டான். அடுக்களையில் வேலை செய்யும் மன்னார்குடித் தம்பி ஒருவர் பொறுமையாக விளக்கினார். “உப்பும் எண்ணெயும் செடிக்கு ஆகாது தம்பி. எலும்பு இருந்தா ராத்திரியே எலி வந்துடும். கொழம்பு ஊத்தினா குழி சேறாப் போயிடும்.” இதைவிடத் தெளிவாக உரவியல் ஆசிரியராலும் சொல்ல இயலாது. நல்ல உரக்குழிக்குக் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். சோறும் காய்கறியும் தழைச்சத்தும் ஈரமும் மிகுந்தவை. உலர்ந்த சருகும் மரத்தூளும் கரிமம் மிகுந்தவை. சருகுக்கு இங்கே பஞ்சமில்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் அன்றாடம் உதிர்ப்பதே போதும். அதைக் குப்பைப் பையில் கட்டி அனுப்பிவிட்டு, உரத்துக்குச் சருகு விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. உண்ட இலையைத் தன் பக்கமாக மடிப்பது நம் வழக்கம். விருந்து நிறைவாக இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பலர் அந்த மடிப்புக்குள் டிஷ்யூ, பல்குத்தி, ஊறுகாய்ப் பொட்டலம், சில சமயம் தண்ணீர்ப் போத்தல் மூடி ஆகியவற்றையும் மறைத்துவைத்துவிடுகிறார்கள். எடுப்பவர் ஒவ்வோர் இலையையும் மறுபடி விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்ட நேரத்தில் அதற்கு அவகாசமில்லை, விரிக்காமல் விட்டாலோ உரத் தொட்டி முழுவதும் கெட்டுப்போகிறது. இலையை மடிக்க வேண்டாம் என்று எழுதிவைக்கலாமா என உரிமையாளர் தயக்கத்தோடு கேட்டபோது, அத்தை உடனே மறுத்தார். “மடிக்காம எழுந்திரிக்கிறது மரியாதை இல்ல தம்பி. மடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணும் வைக்காதீங்கன்னு எழுதிப் போடுங்க” என்றார். அடுத்த முறை செல்லும்போது அப்படி ஓர் அட்டை மாட்டியிருக்குமென்று நம்புகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அத்தை பழைய செம்பவாங்கைப் பற்றிப் பேசினார். கடற்படைத் தளக் குடியிருப்பில் அவர் வளர்ந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் கழுநீர்ப் பானை இருக்குமாம். மாடு வளர்ப்பவர் மாலையில் வந்து ஊற்றிக்கொண்டு போவாராம். சீனர்களின் பன்றிப் பண்ணைக்காரர்கள் உணவுக் கடைகளின் எச்சிலைச் சைக்கிளில் தகரம் கட்டி எடுத்துச் செல்வதையும் அவர் பார்த்திருக்கிறார். பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 1984இல் அரசு அறிவித்தது. 1990க்குள் பண்ணைகள் மறைந்தன. ஆறுகளும் நீர்த்தேக்கங்களும் தூய்மையாக வேண்டுமென்றால் அது தேவையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் மீந்த உணவை நாடி வாசலுக்கு வந்த ஆள் அத்தோடு இல்லாமல் போனார். அவருடைய இடத்தில் குப்பை இறக்கும் குழாய் வந்தது.

திங்கட்கிழமை, வீட்டருகே

காலையிலிருந்து மழை. குடை பிடித்து அருகிலுள்ள காப்பிக் கடை வரை மட்டும் சென்று, பிள்ளைகளுக்குத் தௌஹுவே எனும் சோயாத் தயிர் இனிப்பும் சோயாப் பாலும் வாங்கிக் கொடுத்தோம். பால் பிழிந்த சோயாச் சக்கை, மதுத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் தானியம், ரொட்டி ஆலைகளின் கழிவு ஆகிய இவைதாம் இந்நாட்டில் மறுசுழற்சியாகும் உணவுக் கழிவில் முக்கிய இடம் பிடிப்பவை. கால்நடைத் தீவனமாகவே அவை பெரிதும் மாற்றப்படுகின்றன. ஒரே வகைப் பொருள் ஒரே இடத்தில் பெருமளவில் கலப்பின்றிக் கிடைப்பதுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை, கிராஞ்சி

வடமேற்கே பண்ணைகள் உள்ள கிராஞ்சிப் பகுதிக்குச் சென்றோம். வாழையும் பப்பாளியும் சூழ்ந்த ஒரு பண்ணையின் சிறு உணவகத்தில் மதிய உணவு. அடுக்களைக்கும் உரக்குழிக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். சமையற்காரர் காய் நறுக்கிய கூடையைக் கொண்டுவந்து கொட்ட, தோட்டத்து அம்மா ஒருவர் அதன்மேல் சருகையும் மரச் சீவலையும் பரப்பினார்.

குவியலின் நடுவே நட்டிருந்த நீண்ட வெப்பமானியை மகன் படித்துக்காட்டினான்: 60 பாகை. இந்தச் சூடு நுண்ணுயிர்கள் தின்று பெருகுவதால் உண்டாவது. களை விதையும் நோய்க்கிருமியும் இதில் மடிகின்றன. சூடு இறங்கினால் குவியலைக் கிளறிக் காற்றுப் புகவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் சிதைவு விரைவாக நடக்கும். மழைதான் பகை, கூரையில்லாத குவியல் ஒரே மாலையில் ஊறிப்போய், காற்றில்லாச் சிதைவு தொடங்கி, முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும். அதனால்தான் குழிக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள். ஈரம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் போதும், ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் முழங்கை வரை மண்ணாக்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் ஆறிய உரத்தை மோந்து பார்த்த மகள், காட்டுப் பாதையில் மழைக்குப் பிறகு வரும் வாசனை என்றாள், உண்மைதான்.

இங்கே கவனித்த மற்றொன்று உண்டு. பரிமாறும் முன்பே சோறு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். குறைவாக வாங்கிப் பிறகு மீண்டும் கேட்டால் கூடுதல் காசில்லை. உரமாக்குவதைவிட உணவு மீந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பதில் அந்த உணவகத்துக்கு ஐயமே இல்லை. நகரத்துக் கடைகளிலும் இதைச் செய்யலாம். “சோறு குறைவாக” என்று நாமே சொன்னால் எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை.

புதன்கிழமை, நகர மையம்

நாத்தனாரின் பிறந்தநாளுக்காக ஒரு தங்குவிடுதியின் பஃபே விருந்துக்குச் சென்றோம். இது பயணத் திட்டத்தில் இல்லாதது. ஆனாலும் பார்க்க வேண்டியதாகவே அமைந்தது. வளமூலப் பாதுகாப்பு நிலைத்தன்மைச் சட்டம் 2019இல் நிறைவேறியது. அதன்படி 2024 முதல் உணவுக் கழிவை அதிகமாக உண்டாக்கும் பெரிய வணிக, தொழில் வளாகங்கள் அதைப் பிரித்தெடுத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். பெரிய தங்குவிடுதிகளும் கடைத்தொகுதிகளும் இதில் அடங்கும். அடுக்களைக்குள் வாளிகள் பிரிந்து நிற்கின்றன என்று பரிமாறியவர் சொன்னார். ஆனால் பஃபேயில் தட்டில் மீந்துபோவதைவிட, இரவு பத்து மணிக்கு யாரும் தொடாமல் பாத்திரத்தில் மிஞ்சி நிற்பதுதான் அதிகம். நல்லெண்ணத்தோடு, உரிய உணவுப் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றி உணவை நன்கொடையாக அளிப்பவர்களுக்குச் சட்டப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பயத்தால் கொட்டிக்கொண்டிருந்த நிர்வாகங்கள் இனியேனும் கொடுக்க முன்வர வேண்டும். பசித்தவருக்குப் போகக்கூடிய உணவை உரமாக்குவதை நான் மறுசுழற்சி என்று பாராட்ட மாட்டேன்.

திரும்பும் வழியில் எனக்கும் கணவருக்கும் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம். அவர் பொறியாளர், கழிவுநீரையும் குப்பையையும் ஒரே இடத்தில் கையாளும் துவாஸ் நெக்சஸ் ஆலை முழுமையாக இயங்கத் தொடங்கினால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது சேரும் சகதியோடு உணவுக் கழிவையும் சேர்த்துச் செரிக்கவைத்தால், சகதியிலிருந்து மட்டும் கிடைப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு எரிவாயு கிடைக்கும் என்பது உண்மைதான். உலு பாண்டான் கழிவுநீர் ஆலையில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆலை ஏற்கவிருப்பது, உண்டான இடத்திலேயே பிரித்தெடுக்கப்பட்ட கழிவை. அதுவும் நாளொன்றுக்கு 400 டன். அன்றாடம் உருவாவதோ 2,000 டன்னுக்கும் மேல். எத்தனை பெரிய ஆலை வந்தாலும் பல்குத்தியையும் டிஷ்யூவையும் பொறுக்கும் வேலை அடுக்களையிலும் மேசையிலும்தான் நடந்தாக வேண்டும் என்றேன். எரித்தாலும் சாம்பல் மிச்சம். அது செமாக்காவ் தீவுக்குத்தான் போகிறது. 1999இல் திறந்த அந்தக் குப்பை நிலம் 2035வாக்கில் நிரம்பிவிடுமென்று கணித்திருக்கிறார்கள். என் மகனுக்கு அப்போது பதினெட்டு, இருபது வயதுதான் இருக்கும். இதைக் கேட்டதும் கணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஆலையும் வேண்டும், பிரிப்பதும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, எங்கள் புளோக்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு புளோக் தள்ளி இருக்கும் சமூகத் தோட்டத்தை இதுவரை வேலிக்கு வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறோம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்வழி தீவெங்கும் உருவான தோட்டங்களில் இதுவும் ஒன்று. அங்கே கறிவேப்பிலையும் பாண்டான் இலையும் வளர்க்கும் மலாய்ப் பெரியம்மாவிடம், உணவகங்களில் கண்டதையெல்லாம் அத்தை மலாயில் சொன்னார். எங்கள் வீட்டுக் கழிவை எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டார். பெரியம்மா உடனே சரியென்று சொல்லவில்லை. மூடியைத் திறந்து உரப்பெட்டியைக் காட்டி, எதை ஏற்பார், எதை ஏற்க மாட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சமைத்தது கூடாது. மீன், இறைச்சி, எலும்பு கூடாது. எலுமிச்சைத் தோல் கொஞ்சமாக. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கித் தர வேண்டும். காப்பித் தூள் எவ்வளவு என்றாலும் சரி. தண்ணீர் தேங்கும் கிண்ணத்தையோ டப்பாவையோ தோட்டத்தில் விட்டுச்செல்லவே கூடாது, டெங்கிக் கொசு.

தப்பாவ், அதாவது கடையில் பொட்டலமாகக் கட்டி வாங்கும் உணவின் பழுப்புத் தாளைக் கிழித்துப் போடலாமா என்று மகள் கேட்டாள். கூடாது. பெரியம்மா ஒரு தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியே உரிந்து வருவதைக் காட்டினார். கடையிலிருந்து வாங்கிவரும் உணவுக்கு இனி வீட்டுத் தூக்குப் பாத்திரத்தையே எடுத்துச் செல்வதென்று பிள்ளைகள் அங்கேயே தீர்மானித்தார்கள்.

புதன், சனி காலை ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து தர வேண்டும்; வாளிக்கு மூடி இருக்க வேண்டும்; ஒவ்வொரு வாளி காய்கறிக் கழிவுக்கும் இரண்டு வாளி சருகை நாங்களே கூட்டி வர வேண்டும். இவை அவருடைய நிபந்தனைகள். நாளை சனிக்கிழமை. வெங்காயத் தோலும் வாழைப்பழத் தோலும் வாளியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. சருகு கூட்டும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.